எஞ்சின் ஆறட்டும்

1986-இல் மோட்டார் சைக்கிளில் சென்னையிலிருந்து உளுந்தூர்பேட்டைக்குப் போகிறோம் என்று சொன்னால் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, “வண்டி தாங்குமா?” என்பதுதான். நீங்கள் தாங்குவீர்களா என்று ஒருவரும் கேட்டதில்லை. ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர், அக்னி நட்சத்திர வெயில், அண்ணனின் பின் சீட்டில் நான், என் மடியில் அம்மாவுக்கு வாங்கிய பிரஷர் குக்கர். இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. இரும்பு தாங்குமா என்பதுதான் ஊர்க் கவலை. இன்று என் அக்கா மகன் அதே ஊருக்குக் கிளம்பினால் வண்டியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. “இந்த வெயில்ல உனக்கு ஒண்ணும் ஆயிடாதேடா” என்று அக்காதான் வாசல்வரை புலம்பிக்கொண்டு வருகிறாள். நாற்பது வருஷத்தில் வண்டிகள் தேறிவிட்டன. ஆட்கள்தான் எப்படியோ நோஞ்சானாகிவிட்டோம்.

அண்ணன் வைத்திருந்தது புல்லட். மூன்று கை மாறி அவரிடம் வந்தது. ‘வண்டி’ என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை, ‘இவன்’ என்பார். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த ‘இவனை’ 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூருக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் பாகங்களாகக் கப்பலில் கொண்டுவந்து இங்கே பூட்டினார்கள். அப்புறம் முழுசாக இங்கேயே செய்தார்கள். அங்கே தாய்க் கம்பெனியைப் பூட்டிச் சாவியை வைத்த பிறகும் வடசென்னையில் ‘டப் டப்’ நிற்கவில்லை. குளிர் தேசத்தில் வரைந்த எஞ்சின். வார்ப்பிரும்புச் சிலிண்டரைச் சுற்றித் தகடு தகடாக விட்டிருப்பார்கள். ஓடும்போது காற்றுப் பட்டு அது தானாக ஆறிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. மே மாதம் நடுப்பகலில் வண்டலூரில் அடிக்கிற காற்று எதையாவது ஆற்றுமா என்று ரெட்டிச்சில் யாரும் யோசித்திருக்க நியாயமில்லை.

அவனைக் கிளப்புவதே ஒரு வைபவம். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற வண்டி ஓட்டிப் பழகியவன் ஏறினால் நிறுத்த நினைத்து கியரை மிதிப்பான். சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அமுக்கியபடி ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்பியர் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் நடுவுக்கு வந்ததும் ஹாண்டில்பாரில் இருக்கும் சின்ன டிகம்ப்ரஷன் லீவரை இழுத்துப் பிடித்து, கிக்கரை இன்னும் ஒரு விரற்கடை இறக்கி, இரண்டையும் விட்டுவிட வேண்டும். அப்புறம் மொத்த உடம்பையும் ஏற்றி ஒரே உதை. சரியாக விழுந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். தப்பாக விழுந்தால் கிக்கர் திருப்பி உதைக்கும். அப்படி முழங்காலில் வாங்கிக்கொண்டு நடந்தவர்கள் எங்கள் பல்லாவரத் தெருவிலேயே இருந்தார்கள். ஸீட்டுக்கு அடியில் எமரி பேப்பர் ஒரு துண்டு, பாயிண்ட் சுத்தம் பண்ண. மாற்று பிளக் ஒன்று. கிளட்ச் கேபிள் நடுவழியில் அறுந்தால் தேடக்கூடாது என்று ஓடுகிற கேபிளோடு சேர்த்தே புதுக் கேபிள் ஒன்றையும் அண்ணன் டேப் சுற்றி ஒட்டியிருந்தார். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட முள் கிடையாது. டாங்க் மூடியைத் திறந்து, வண்டியை இடுப்பால் ஆட்டி, சலசலப்பைக் காதால் அளக்க வேண்டியதுதான். ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் இருமினால், குனியாமல் இடது கையால் டாங்குக்கு அடியில் துழாவி ரிசர்வுக்குத் திருப்புவது ஒரு வித்தை. அதைச் சுலபமாகச் செய்கிறவனுக்குப் பெண் கொடுக்கலாம் என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது.

புல்லட்டுக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது அண்ணனின் வேதவாக்கு. “இவனுக்கு மூச்சு வாங்குது, கொஞ்சம் ஆறட்டும்” என்று ஓரம் கட்டுவார். முதல் நிறுத்தம் சிங்கப்பெருமாள்கோயில் தாண்டி ஒரு புளியமரம். ஜி.எஸ்.டி. ரோடு அப்போது போக ஒரு வண்டி, வர ஒரு வண்டி என்ற அகலம்தான். இரண்டு பக்கமும் புளிய மரங்கள், அடியில் கறுப்பு வெள்ளைப் பட்டை, ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர். நம்பர் எதற்கென்றால், காயை நெடுஞ்சாலைத் துறை ஏலம் விடும். ஏலம் எடுத்தவரின் ஆள் யாராவது கயிற்றுக் கட்டிலில் கிடப்பார். வண்டியை நிழலில் ஸ்டாண்டு போட்டதும் அண்ணன் விரல் நுனியைத் தண்ணீரில் தொட்டு, சிலிண்டர் தகட்டின் மேல் ஒரு சொட்டு உதறுவார். சொட்டு ‘சொய்ங்’ என்று துள்ளி உருண்டால் உட்கார வேண்டும். ஒட்டிக்கொண்டு மெதுவாகக் காய்ந்தால் கிளம்பலாம். இதற்கெல்லாம் ஏதாவது சாஸ்திரம் உண்டா என்று நான் கேட்டதில்லை. கட்டில்காரர் கேட்பார்: “எந்த ஊருக்குப் போறீங்க? யார் வீடு?” யார் வீடு என்று சொன்னால் கட்டாயம் அவருக்கு அந்தப் பக்கம் ஓர் உறவு இருக்கும். அதற்குள் சொட்டு மூன்று முறை காய்ந்திருக்கும்.

அடுத்தது மதுராந்தகம் ஏரிக்கரை. அங்கே மோர். அதற்கடுத்துத் திண்டிவனம் தாண்டிப் பனங்காடு தொடங்கும் இடத்தில் நுங்கு. குலையைச் சாய்த்து வைத்து, அரிவாளால் மண்டையைச் சீவி, மூன்று கண்ணையும் கட்டை விரலால் தோண்டிப் பனையோலைப் பட்டையில் போட்டுத் தருவார்கள். தோல் உரிக்கப் பொறுமையில்லாமல் அப்படியே விழுங்குவேன். அண்ணன் ஒவ்வொன்றாக, எஞ்சின் பாகத்தைக் கழற்றுகிற நிதானத்தோடு, தோல் உரித்துத் தின்பார். “இன்னும் சூடா இருக்கான்டா” என்று வண்டியைக் கைகாட்டி இன்னொரு பட்டை வாங்குவார். அவருக்கு ஆரம்பத்திலிருந்தே முதுகுவலி உண்டு என்பது, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு டாக்டரிடம் கூட்டிப் போனபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை அந்தச் சாலையில் களைத்துப்போனது எஞ்சின் ஒன்றுதான் என்றே குடும்பம் நம்பியிருந்தது.

அந்தக் காலத்தில் எல்லாம் சுகம் என்று நான் கதை விடப்போவதில்லை. எதிரே வருகிற பஸ்ஸை இன்னொரு பஸ் முந்தும்போது, இரண்டும் சேர்ந்து மொத்தச் சாலையையும் அடைத்துக்கொண்டு வரும். மோட்டார் சைக்கிள்காரனுக்கு ஒரே சட்டம்: மண்ணில் இறங்கு. தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவே அரை அடிப் பள்ளம் இருக்கும். இறங்குவது சுலபம், ஏறுவதுதான் சர்க்கஸ். ராத்திரியில் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால்தான் முன்விளக்குப் பிரகாசிக்கும். பள்ளம் என்று வேகத்தைக் குறைத்தால் வெளிச்சமும் குறையும், பள்ளம் இன்னும் நன்றாக மறையும். அண்ணன் தலையில் ஈரத் துண்டு. என் தலையில் ஒன்றுமில்லை. காலில் ரப்பர் செருப்பு. அந்தச் சாலையில் அப்படிப் போய்த் திரும்பாதவர்கள் எங்கள் உறவிலும் உண்டு. ‘அப்போதெல்லாம் இவ்வளவு விபத்து ஏது’ என்று பேசுகிற பெரியவர்களிடம் அவர்கள் பெயரைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ‘அது விதி’ என்று முடித்துவிடுவார்கள்.

தலைக்கவசம் நம்மிடம் வந்த கதையும் ஒரு கூத்துதான். சட்டம் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருந்தது. தமிழ்நாட்டில் 2007 ஜூனில் கட்டாயம் என்றார்கள். ஒரு மாதம் கடைகளில் கூட்டம், அப்புறம் சட்டமும் தூங்கியது, கவசமும் பரணுக்குப் போனது. 2015 ஜூலை முதல் தேதியிலிருந்து உயர் நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் மறுபடி இறங்கியது. அன்று முதல் அது பெட்ரோல் டாங்க் மேல், முழங்கையில், கண்ணாடிக் கம்பியில், எதிரே வெள்ளைச் சட்டை தெரிந்தால் தலையில் என்று பல இடங்களில் இருந்துவருகிறது. இப்போது அபராதம் ஆயிரம் ரூபாய் என்பதால் தலைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கிறது.

இனி என் அக்கா மகன். அவனிடம் இருப்பது ஹிமாலயன், 450 சிசி. அதன் கம்பெனி அண்ணனுடைய புல்லட்டைச் செய்த அதே கம்பெனிதான். 1994-இல் கை மாறி, திருவொற்றியூரிலிருந்து ஒரகடம், வல்லம் வடகால் என்று பரந்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துச் செம்மண் பொட்டலில், நிழலுக்கு ஒரு வேப்பமரம் தேட வேண்டிய இடத்தில், இமயமலைப் பெயரில் வண்டி செய்கிறார்கள். 2023-இல் வந்த இந்த மாடலில்தான் அந்தக் கம்பெனி முதல்முறையாக எஞ்சினைத் தண்ணீரால் குளிர்வித்தது. முன்னால் ரேடியேட்டர், அதற்கு ஒரு மின்விசிறி. ஆறுவதற்குப் புளியமரம் வேண்டாம், அண்ணனின் சொட்டுச் சோதனை வேண்டாம். நாள் முழுக்க ஓட்டினாலும் எஞ்சின் தன் சூட்டைத் தானே பார்த்துக்கொள்ளும்.

அந்தச் சூடு எங்கே போகிறது என்பதை போன மே மாதம் அவன் பின்னால் உட்கார்ந்துபோனபோது கண்டுகொண்டேன். ரேடியேட்டர் வைத்த எந்த வண்டியிலும் அப்படித்தானாம்; எஞ்சினிலிருந்து இழுத்த வெப்பத்தை விசிறி வெளியே தள்ளும், ஓட்டுகிறவன் முழங்கால் அங்கேதான் இருக்கும். வண்டி வேகமாகப் போனால் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். ஆனால் நாங்கள் இருந்தது ஜி.எஸ்.டி. ரோட்டில். அந்த ரோடு இன்று ஆறு வழி, எட்டு வழி என்று அகலமாகிக்கொண்டே போகிறது. அகலமாக அகலமாக வாகனங்களும் அதை நிரப்பிக்கொண்டே வருகின்றன. பெருங்களத்தூரில் நின்றோம், வண்டலூரில் நின்றோம், கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தின் எதிரே வெகுநேரம் நின்றோம். எங்கும் எஞ்சின் ஆறுவதற்காக நிற்கவில்லை.

அவன் கட்டியிருந்த வேஷத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. முழுமுகக் கவசம், தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் தகடு வைத்த வலைத்துணி ஜாக்கெட், முழங்கால் காப்பு, கணுக்கால் மூடிய பூட்ஸ், விரல் மூட்டில் கூடக் கவசம் வைத்த கையுறை. கூத்து மேடையில் துரியோதனன் வருவது போல வாசலுக்கு வந்தான். ஜாக்கெட்டுக்கு உள்ளே இன்னொரு அங்கி. கிளம்பும் முன் அதை பக்கெட் தண்ணீரில் முக்கிப் பிழிந்து போட்டுக்கொண்டான்.

“இது என்னடா மாப்ளே?”

“கூலிங் வெஸ்ட் மாமா. தண்ணி ஆவியாகும்போது உடம்புச் சூட்டை எடுத்துக்கும். இம்போர்ட்டட்.”

அண்ணனின் ஈரத் துண்டு விலை ஏறித் திரும்பி வந்திருந்தது. ஆனால் விஷயத்தில் நியாயம் இருக்கிறது. காற்றின் வெப்பம் நம் தோலின் வெப்பத்தைத் தாண்டிவிட்டால், வேகமாகப் போகப்போக உடம்பு ஆறாது. அடுப்படிக் காற்றுதான் மேலே அடிக்கும். சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி அடித்ததே, அந்த மாதிரி நாளில் சட்டைப் பித்தானைத் திறந்துவிட்டு ஓட்டுகிறவனைவிட, உடம்பை மூடி, உள்ளே ஈரம் வைத்துக்கொள்கிறவன் பிழைப்பான். துண்டு கட்டிய நம் வண்டிக்காரர்கள் இதைத் தெர்மோமீட்டர் இல்லாமலே தெரிந்துவைத்திருந்தார்கள். ஒரே சங்கடம், ஈரம் ஆவியாக வேண்டும் என்றால் காற்று வறண்டிருக்க வேண்டும். கடற்கரைக்கு இவ்வளவு பக்கத்தில், சிக்னலில் நிற்கும்போது, அது ஆவியாகாமல் வெறும் ஈரச் சட்டையாகவே இருக்கும். கூடுவாஞ்சேரி வருவதற்குள் அவன் உள்ளே வெந்துகொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். சொல்லவில்லை. ஆனால் இரண்டு கவசத்திலும் ப்ளூடூத் பொருத்தியிருந்ததால் மூச்சு மட்டும் என் காதில் தெளிவாகக் கேட்டது.

அந்த ப்ளூடூத் ஒரு அற்புதம். அண்ணனும் நானும் போகும்போது ‘டப் டப்’ சத்தத்தில் ஒரு வார்த்தை பேச முடியாது. தோளில் ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் குக்கர் மூடி விழுந்துவிட்டது. பேச்செல்லாம் மரத்தடிக்கு. இப்போது எண்பது கிலோமீட்டர் வேகத்திலும் காதுக்குள் பேசலாம்.

“மாமா, ஓகேவா?”

“ஓகேடா.”

படாளம் தாண்டி மறுபடியும், “மாமா, ஓகேவா?” மேல்மருவத்தூரில் மறுபடியும். பேச வசதி வந்துவிட்டது, பேசத்தான் ஒன்றும் இல்லை. வழியில் ஊர்களே இல்லையே, பேச்சுக்கு ஏது முகாந்திரம்? செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம் எல்லாம் பைபாஸுக்கு அந்தப் பக்கம் பச்சைப் பலகையில் அம்புக்குறியாகத் தொங்குகின்றன. புளியமரங்கள் அகலப்படுத்தும்போது போய்விட்டன. நடுவில் அரளிச் செடி வைத்திருக்கிறார்கள். அதன் நிழலில் ஒரு கோழி உட்காரலாம். நிழல் வேண்டும் என்றால் மேம்பாலத்துக்கு அடியில்தான் தேட வேண்டும். சென்னைக்குள் கோடையில் சிக்னலில் பச்சை வலை கட்டுகிறார்கள். வலை இல்லாத இடத்தில் பத்து வண்டிகள் கோட்டுக்கு ரொம்பப் பின்னாலேயே, ஏதோ ஒரு விளம்பரப் பலகையின் நிழல் விழும் இடத்தில் ஒண்டி நிற்கும். சிக்னல் விழுந்ததும் பின்னாலிருக்கும் கார்க்காரர் ஹாரனை அமுக்குவார். ஏசி காரில் இருப்பவருக்கு நிழலின் விலை எப்படித் தெரியும்?

அவன் கைக்கடிகாரம் ‘தண்ணீர் குடி’ என்று அதிர்ந்ததும் நிறுத்தினோம். நெடுஞ்சாலையோர உணவகம், கும்பகோணம் டிகிரி காபி. கும்பகோணத்துக்கு இந்தப் பக்கம் இத்தனை கும்பகோணம் இருப்பது ஜி.எஸ்.டி. ரோட்டில்தான். பித்தளை டபராவில் காபி வந்தது. நாங்கள் ஏசியில் உட்கார்ந்திருந்தோம். வண்டி வெளியே மொட்டை வெயிலில் நின்றது. திரும்பிப் போனபோது ஸீட் மேல் உட்கார முடியவில்லை. பாட்டில் தண்ணீரை ஊற்றினான். ‘சொய்ங்’ என்று சத்தம் வராததுதான் குறை. யாரும் எங்களை எந்த ஊர், யார் வீடு என்று கேட்கவில்லை. பில்லோடு வந்த பையன் ‘ஃபீட்பேக்’ மட்டும் கேட்டான்.

போகிற வழியில் ஒரு சுங்கச்சாவடி. தேசிய நெடுஞ்சாலையில் இரு சக்கர வண்டிக்குக் கட்டணம் கிடையாது, இடது ஓரத்தில் ஒரு சந்து விட்டிருப்பார்கள். எங்கள் வண்டியில் பின்பக்கம் இரண்டு புறமும் அலுமினியப் பெட்டி. சந்தின் வாயில் பெட்டி இடித்து நின்றுவிட்டோம். முன்னாலும் போக முடியவில்லை, பின்னால் தள்ள இடமில்லை. எங்களுக்குப் பின்னே ஒரு டிவிஎஸ் எக்ஸெல். ஓட்டியவர் என் வயதுக்காரர். மடித்துக் கட்டிய வேட்டி, தலையில் துண்டு, பின்னால் இரண்டு பால் கேன், முன்னால் ஒரு கட்டு சோளத்தட்டை. கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து பெட்டியை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்து, “தம்பி, கொஞ்சம் இப்படி ஒடி, லேசா விடு” என்று வழிகாட்டினார். வெளியே வந்ததும் அக்கா மகன் கவசத்துக்குள்ளிருந்து நன்றி சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது. எங்கள் முன்விளக்கைக் காட்டி, விரல்களை விரித்து மூடி, ‘லைட் எரியுது’ என்று சைகை செய்தார். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் அது பகலிலும் எரிந்துகொண்டேதான் இருக்கும், அணைக்க ஸ்விட்சே கிடையாது. எக்ஸெல் ஒரு இருமலோடு கிளம்பி, அடுத்த திறப்பில் திரும்பச் சோம்பல்பட்டு, எங்கள் பாதையிலேயே எதிர்த்திசையில் சாவகாசமாகப் போனது. இவ்வளவு பெரிய சாலையில் இன்று என்னைப் பயமுறுத்துவது லாரி இல்லை, இந்த நல்ல மனிதர்கள்தான்.

வேகத்துக்குத்தான் இந்த வண்டியா என்றால் அதுவும் இல்லை. சென்னைக்குள் இரு சக்கர வண்டிக்கு 50 கிலோமீட்டர்தான் வரம்பு என்று 2023 நவம்பரில் அறிவித்துவிட்டார்கள். அவனுடைய பெங்களூர் நண்பன் மைசூர் நெடுஞ்சாலையில் பறப்பதற்கென்றே பெரிய வண்டி வாங்கினான். 2023 மார்ச்சில் அந்த அதிவேகச் சாலையைத் திறந்தார்கள். ஆகஸ்ட் முதல் தேதியே மோட்டார் சைக்கிளுக்கும் ஆட்டோவுக்கும் டிராக்டருக்கும் அதில் இடமில்லை என்று தள்ளிவிட்டார்கள். இப்போது அவன் பக்கத்துச் சர்வீஸ் ரோட்டில் டிராக்டருக்குப் பின்னால் போகிறான். பாதுகாப்பு என்று பார்த்தால் அந்த முடிவைத் தப்புச் சொல்ல முடியாது. கார்கள் பறக்கிற இடத்தில் இரண்டு சக்கரம் ஒரு தூசி. ஆனாலும், வண்டி போகாத ஊருக்குக் கியர் ஆறு எதற்கு என்று அவனைக் கேட்க எனக்கு வாய் துறுதுறுக்கும்.

அக்கா மகனிடம் கேட்டேவிட்டேன். “ஏன்டா மாப்ளே, நம்ம ஊர்ல இதை எங்கதான் ஓட்டுவே?”

“இங்க யார் மாமா ஓட்டுவா? இந்த வெயில்லயா? லடாக் போறேன், ஜூலைல.”

“இங்கேர்ந்து ஓட்டிக்கிட்டேவா?”

“சேச்சே. வண்டி டிரெயின்ல டெல்லி போகும். நான் ஃப்ளைட்.”

அப்படித்தான் ஜூலையில் சென்ட்ரல் பார்சல் ஆபீஸில் அவனோடு நின்றேன். ஆர்.சி. நகல், ஆதார் நகல் கேட்டார்கள். வண்டியைச் சாக்கு சுற்றிக் கட்ட இரண்டு பேர் வந்தார்கள். ஹாண்டில்பாருக்கு ஒரு சாக்கு, முன்விளக்குக்கு வைக்கோல் திணித்த ஒரு சாக்கு, டாங்குக்கு அட்டைப் பெட்டியைக் கிழித்து ஓர் அட்டை. கண்ணாடிகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். டாங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இருக்கக்கூடாது என்பது ரயில்வே விதி. அவனோ வீட்டிலிருந்து வரும் வழியில், ஊர்ப் பழக்கத்தில், டாங்கை நிரப்பிக்கொண்டு வந்திருந்தான். கட்டுகிற பெரியவர் ரப்பர் குழாயை உள்ளே விட்டு, மறுமுனையை வாயில் வைத்து ஓர் இழுப்பு இழுத்துக் கேனுக்குள் விட்டார். லிட்டர் நூறு ரூபாய் பெட்ரோல் சலசலவென்று இறங்கியது. எங்களிடம் எடுத்துப்போகப் பாத்திரமும் இல்லை, கேட்க மனசும் வரவில்லை.

“இதை என்னங்க பண்ணுவீங்க?” என்று கேட்டேன்.

அவர் வாயைக் கொப்புளித்துத் துப்பிவிட்டு, “உங்க வண்டி ரயில்ல போகுது. நாங்க வீட்டுக்கு எதுல சார் போறது?” என்றார்.